புரவலர் பதில் சொல்லும் வரை

எங்கள் சங்கத்தின் விதி இருபத்திரண்டு இப்படிப் போகிறது: உணவகத்தை நடத்துபவரை நீக்க நிர்வாகக் குழு விரும்பினால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், குழுவில் ஒருவராவது மறுத்தால் விஷயம் புரவலரிடம் போக வேண்டும், புரவலர் எழுத்தில் பதில் தரும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கும். இந்த விதி பிறந்ததற்குக் காரணம் அறுபதுகளில் ஒரு மீன் குழம்பு. குழம்பு கெட்டிருந்ததா இல்லையா என்று சங்கம் இரண்டாகப் பிரிந்து, சமையல்காரரை இரவோடிரவாக வெளியே அனுப்பி, பிறகு அவர் மேல் தவறில்லை என்று தெரிந்து வெட்கப்பட்டது. யாராவது அவமானப்பட்ட பிறகுதான் நல்ல விதிகள் எழுதப்படுகின்றன.

1993 மார்ச்சில் பம்பாயில் குண்டுகள் வெடித்தன. அதற்கு அடுத்து நடந்த குழுக் கூட்டத்தில் விதி இருபத்திரண்டு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. உணவகத்தை நடத்திவந்த அக்காவை நீக்கும் முடிவு, 'பிற விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ், சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கும் தீர்மானத்துக்கும் பேட்மிண்டன் வலைக்கும் நடுவில் வந்தது.

சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்குக்கு வந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் தொடங்கியது. பிறகு தமிழர் எல்லாருக்கும் கதவு திறந்தது. கீழே பேட்மிண்டன் கூடம், மேலே வாசிப்பறை, பின்பக்கம் உணவகம். உணவகத்துக்குப் பின்னால் ஓர் அறை. அதில்தான் அக்காவும் அவர் கணவரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளும் குடியிருந்தார்கள். உணவகம் போனால் வீடும் போகும்.

அவர்கள் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். கணவர் முதலில் நடத்தினார். பக்கவாதம் வந்த பிறகு அவர் கல்லாவில் உட்கார, அடுப்பு அக்காவிடம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சைவம். அதற்கென்று தனிச் சட்டிகள் மேல்தட்டில் இருக்கும். வேறு நாளில் அவற்றைத் தொடமாட்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரோ சொல்லிக்கொடுத்த தேங்காய்ப்பால் சொதியை, சொல்லிக்கொடுத்தவர்களைவிட நன்றாக வைப்பார். கணவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அவரவர் குடிப்பதுதான் அவரவர் பெயர். சர்க்கரை வியாதிக்காரனான நான் 'தே ஓ கோசோங்', பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். செயலாளர் 'கோப்பி சூசு', பால் காப்பி.

அந்தக் கோப்பி சூசுதான் பேச்சை எடுத்தார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் போலவே யாழ்ப்பாணத்து வழி, என் வயதுதான்.

"பேப்பர் எல்லாரும் படிக்கிறீங்கதானே. இனி நம்ம இடத்துல அவங்க ஆளுங்க இருக்கறது சரியா வராது. மெம்பர்ஸ் ஃபீல் பண்றாங்க."

"எந்த மெம்பர்ஸ்?" என்று கேட்டேன்.

"ஜெனரலா, ஐசே." ஆங்கிலத்து 'ஐ ஸே' எங்கள் ஆட்களுக்கு ஒரு விளிச்சொல்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த குழு உறுப்பினர் ஒருவர் உதவிக்கு வந்தார். "இன்னைக்கு பம்பாய், நாளைக்கு மெட்ராஸ், அப்புறம் இங்க வரும் சார். சாப்பாட்டுல யார் என்ன போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

இதைச் சொன்னபோது அவர் கையில் அக்கா கொடுத்தனுப்பிய மசால்வடை பாதி கடிபட்டிருந்தது. மீதிப் பாதியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் தீர்மானத்துக்குக் கை தூக்கினார்.

அதற்கு முந்திய டிசம்பரில் இந்தியாவில் இடிக்கப்பட்ட பள்ளிவாசலைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டில் நாங்கள் சிறுபான்மை. வெளியே இப்படியெல்லாம் பேச யாருக்கும் துணிவு கிடையாது. ஆனால் ஒரு கட்டிடத்தின் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பெரும்பான்மையாகிவிடலாம். சங்கங்களின் பயன்களில் அதுவும் ஒன்று.

முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்தியவன் நான். நகர்த்தாமல் வைத்திருப்பதிலும் தேர்ச்சி உண்டு. "என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். விதி இருபத்திரண்டின்படி இது புரவலருக்குப் போகிறது" என்றேன்.

"வேலையை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஃபைலை இன்னும் விடமாட்டேங்கிறீங்களே, ஐசே" என்றார் செயலாளர். ஆனால் எழுதிக்கொண்டார். விதிக்குப் பயப்படுகிறவர், அதனால்தான் எங்கள் நட்பு நீடித்தது. அந்தக் கூட்டக் குறிப்பின் கடைசி வரி, வழக்கம்போல, சிற்றுண்டி வழங்கிய உணவகத்தாருக்கு நன்றி.

புரவலர் எங்கள் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர். 'மாண்புமிகு' என்பதற்கு இங்கே வழங்கும் மலாய்ச் சுருக்கத்தில், எல்லாரும் வை.பி. என்றுதான் அழைப்போம். கூப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் அவர் போவார், செத்த வீட்டுக்குத் தவறாமல் வருவார், கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதமாட்டார். கூரை ஒழுகுகிறது என்று நாங்கள் எழுதிய கடிதங்கள் அவர் அலுவலகத்தில் எங்கோ நனையாமல் பத்திரமாக இருந்தன. ஆகவே அக்காவின் விஷயத்தை அவருக்கு நானே தட்டச்சு செய்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வராது. பதில் வராதவரை எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஓர் அரசியல்வாதியின் மௌனத்தை அவ்வளவு நம்பிக்கையோடு நான் எதிர்பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பெரிய தலைவர்கள் மௌனமாக இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் அறிக்கைகள் வந்தன. அமைதி காக்க வேண்டும். வெளிநாட்டு விவகாரத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. ஒற்றுமையே நம் பலம். எல்லாம் சரியான வாக்கியங்கள். அந்த மாதிரி வாக்கியங்களை வேலையில் இருந்தபோது நானே மேலதிகாரிகளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். நாக்கைச் சுடாது, தொண்டையையும் நனைக்காது. எங்கள் சங்கத்து வாசிப்பறையில் அவற்றைப் படித்துத் தலையாட்டியவர்கள், மத்தியானம் லிட்டில் இந்தியாவுக்கு நடந்துபோய் வாழையிலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, அக்காவின் உணவகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் தினமும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், என் சாமர்த்தியத்தை அக்காவிடம் விளக்கினேன்.

"வை.பி. எழுத்துல பதில் போடற வரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. அவர் பதில் போடற ஆளே இல்லை."

அக்கா மேல்தட்டுச் சட்டிகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. "அப்ப எவ்வளவு நாளைக்குண்ணே?"

"வருஷக்கணக்கா இழுக்கலாம்."

"வருஷக்கணக்கா சொதி வெச்சு வெச்சு சாக்கடையில ஊத்தணும்." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "போகச் சொல்ல முடியாதுன்னு சொல்றீங்க. சந்தோசம். ஆனா இருக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையேண்ணே."

நான் காலிக் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுத்துக் கழுவினார்.

"அக்கரையில, பாகான் டாலாம்ல என் தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ஒரு ஒட்டுக்கடை காலியா இருக்காம். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நாங்களே போயிடுவோம். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறவங்களுக்கு என் கையால ஆக்கிப் போட முடியாதுண்ணே. இவருக்கும் பேச்சுக்கு ஆளில்லாம வாய் இன்னும் கோணிக்கிட்டு வருது."

கல்லாவிலிருந்து கணவர், "வாய் கோணினா என்ன, தே ஓ கோசோங் என்னைப் பொண்ணு பார்க்கவா வந்தார்?" என்றார். சொற்கள் குழறினாலும் புரிந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விதி இருபத்திரண்டு ஓர் ஆளை வாசலில் நிறுத்தி வைக்கும். உள்ளே வா என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. அதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும், எல்லார் காதிலும் விழும்படி. நான் சொன்னால் அது ஒரு கிழவனின் அபிப்பிராயம். சொல்லவேண்டியவரை நான்தான் பேசாதிருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன்.

வை.பி.யின் சேவை மையம் ஒரு கடைவீட்டின் மாடியில். வாரத்தில் ஒரு நாள் மக்களைச் சந்திப்பார். சாக்கடை அடைப்பு, கடை லைசென்ஸ், குடியுரிமை கிடைக்காதவர்களின் சிவப்பு அடையாள அட்டை என்று ஆளுக்கொரு குறையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நானும் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவருக்கு எந்த ஃபாரம் வேண்டும் என்று அவர் உள்ளே போவதற்குள் நானே சொல்லிவிட்டதால் வரிசை சீக்கிரம் நகர்ந்தது.

"வாங்க சார். உங்க லெட்டர் கிடைச்சுது. டிராயர்ல பத்திரமா இருக்கு" என்றார் வை.பி.

"அங்கேயே இருக்கட்டும்னுதான் அனுப்பினேன். இப்ப மனசு மாறிடுச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. தோட்டப்புறத்தில் பிறந்து, படித்து, வக்கீலானவர். முட்டாள் அல்ல. "சென்சிட்டிவ் விஷயம் சார் இது. அந்த அக்கா இருக்கட்டும்னு நான் சொன்னா, குண்டு வெச்சவனுக்கு வக்காலத்து வாங்கறான்னு நம்ம ஆளுங்களே பேசுவாங்க. போகட்டும்னு சொன்னா, மேல கூப்பிட்டு என்ன இதுன்னு கேப்பாங்க. ஒண்ணும் சொல்லாம இருந்தா ரெண்டு பக்கமும் ஆறிடும் லா."

"மூணாவது பக்கம் ஒண்ணு இருக்கு வை.பி. அவங்க கெண்டினுக்குப் பின்னால குடியிருக்காங்க. ஹஜ்ஜுப் பெருநாளோட போறதா இருக்காங்க."

"யாராச்சும் போகச் சொன்னாங்களா?"

"இல்லை. இருக்கச் சொல்லலை."

அவர் மேசைமேல் இருந்த பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "சரி, அப்ப நான் என்ன சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுங்க. உங்க சங்கப் பொதுக் கூட்டத்துக்கு எப்படியும் வரணும். படிச்சிட்டுப் போறேன்."

வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை அது. ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவேன், யாருக்கும் வலிக்காமல். வேண்டாம் என்றேன். "நான் எழுதினா அதுல தப்பே இருக்காது வை.பி. அதனாலதான் வேணாம்."

அவருக்குக் கோபம் வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பொதுக் கூட்டம் மே மாதக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பேட்மிண்டன் வலையைச் சுருட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். புரவலர் உரை வழக்கம்போலத் தொடங்கியது: கல்வி, ஒற்றுமை, கூரைக்கு மானியம் பற்றி ஆலோசிக்கப்படும். அக்கா கூடத்துக்கு வரவில்லை. உணவகக் கதவு திறந்திருந்தது. பாத்திரச் சத்தம் கேட்டது. வை.பி. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இன்னொரு விஷயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சுது. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் நம்ம செயலாளர் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். பேங்க்ல, ஃபெர்ரியில, பசார்ல, யாழ்ப்பாணத்து ஆளுங்கன்னா ஒரு மாதிரி பார்க்கறாங்க, உங்க ஆளுங்கதானே செஞ்சாங்கன்னு கேக்கறாங்க, நீங்க வெளிய ஒரு வார்த்தை சொல்லுங்கன்னார். நான் சென்சிட்டிவ்னு சொன்னேன். தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்."

செயலாளர் தன் முன்னால் இருந்த கோப்பின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. யாரோ வெச்ச குண்டுக்கு இவங்க பொறுப்பில்லைன்னு. நான் சொல்லலை. அதனால இன்னைக்கு ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன். அதுக்கு யாழ்ப்பாணத்து ஆளுங்க பொறுப்பில்லை. பம்பாய்க்கு நம்ம கெண்டின் அக்கா பொறுப்பில்லை. அவங்க இங்க இருக்கணும்னு நான் கேட்டுக்கறேன். இது பிடிக்காதவங்க அடுத்த தேர்தல்ல எனக்கு ஓட்டுப் போட வேணாம். யாருன்னு நான் கேக்கமாட்டேன், கேட்டாலும் நீங்க சொல்லமாட்டீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். "அந்தக் குண்டு வெடிச்ச சமயத்துல மஃப்டியில போலீஸ் வந்து மெம்பர் ரிஜிஸ்டர் கேட்டாங்களே, கெண்டின் பாய் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா? 'சார், இவங்க மாடிப்படி ஏறவே நடுவுல ரெண்டு தடவை உக்காருவாங்க. இவங்களா புலி?'"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துப் பேசிப் பேசியே அனுப்பிவைத்தவர் அக்காவின் கணவர்தான். நாங்கள் மேலே வாசிப்பறையில் பத்திரிகைகளுக்குப் பின்னால் இருந்தோம்.

சிரிப்பு அடங்கியதும் செயலாளர் எழுந்தார். ஒரு தடவை கனைத்துக்கொண்டார். "பாயிண்ட் ஆஃப் ஆர்டர். விதி இருபத்திரண்டின்படி புரவலரின் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. "விதிப்படி செயலாளர் சொல்வது சரி" என்றேன். என் மனைவி அன்று வீட்டில் என்னோடு பேசவில்லை.

"எழுதி அனுப்பறேன்" என்றார் வை.பி. மேடையிலிருந்து இறங்கி நேரே உணவகத்துக்குப் போனார். அவருடைய உதவியாளர் காமிராவோடு ஓடினார். "எடு, எடு. இந்தப் படத்தால எத்தனை ஓட்டுப் போகுதுன்னு பார்த்துடலாம்" என்றார் வை.பி. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. மேசையைத் துடைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்லாவிலிருந்து கணவர், என்ன குடிக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வை.பி.க்கும் ஒரு பெயர் வைத்தார்: 'தே தாரிக் குராங் மானிஸ்'. இனிப்பு குறைவு.

அன்றே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது அறிக்கையாகிவிடும். இரண்டு பேர் சங்கத்தைவிட்டு விலகினார்கள். சூப்பர்வைசர் வெகுநாள் வரையில் பொட்டலச் சாப்பாட்டோடுதான் வந்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மேசைகளில் பாதி நிறைந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை செயலாளர் உணவகத்தின் பின்வாசல் பக்கமாக வந்து, உட்காராமல், சொதியை மட்டும் பிளாஸ்டிக் பையில் புங்குஸ் கட்டி வாங்கிக்கொண்டு போனார். சில வாரம் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் முன்வாசலால் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

அக்கா என் மேசைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "குறை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்கண்ணே. இனிப் பயமில்லை." அந்த வாரமே பாகான் டாலாம் ஒட்டுக்கடை வேண்டாம் என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்களுக்கெல்லாம் ஆட்டிறைச்சி பிரியாணி கொடுத்திருந்தார். சைவக்காரர்களுக்கு மேல்தட்டுச் சட்டியில் செய்த தேங்காய்ச் சோறு. தீபாவளிக்குச் செயலாளர் வீட்டிலிருந்து அந்தப் பின்னறைக்கு முறுக்கும் அதிரசமும் ஒரு தட்டில் போயின. அவர் கொண்டுவரவில்லை, மனைவியை அனுப்பினார். தட்டைத் திருப்பிக் கொடுக்க அக்காவின் மகள் போனபோது, பரீட்சை எப்படி எழுதினாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்டாராம்.

இவ்வளவுக்குப் பிறகும் கூட்டக் குறிப்பில் விஷயம் முடியாமலே கிடந்தது. ஒவ்வொரு மாதமும் 'புரவலரின் எழுத்துப்பூர்வமான பதில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று ஒரு வரி. நினைவூட்டல் கடிதங்களைச் செயலாளர்தான் எழுதினார். முதல் இரண்டையும் எந்த எண்ணத்தில் எழுதினாரோ தெரியாது. மூன்றாவதை என்னிடம் காட்டி, "நீங்களும் கையெழுத்துப் போடுங்க ஐசே. நாளைக்கு வேற ஒருத்தர் செயலாளரா வந்து மறுபடியும் கிளப்பக் கூடாது" என்றார். போட்டேன். வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

கடிதம் வந்தபோது தபால்காரரிடம் வாங்கியவரும் அவர்தான். உறையைக் கத்தரித்து, நின்றபடியே படித்து, வாசிப்பறையிலிருந்த என்னிடம் நீட்டினார். தட்டச்சு அல்ல, வை.பி.யின் சொந்தக் கையெழுத்து. மே மாதம் கூடத்தில் சொன்னதை உறுதி செய்வதாகவும், உணவகத்தை நடத்துபவர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது தம் முடிவு என்றும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். ஓர் எழுத்துப்பிழை இருந்தது.

செயலாளர் அதை உணவக வாசலில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு எடுத்துப்போய், தன் கையாலேயே நான்கு மூலையிலும் ஊசி குத்தினார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். கணவருக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் செயலாளர், "ஒரு நிமிஷம், பெற்ற நாள் போடலை" என்று கடிதத்தைக் கழற்றி, அலுவலகத்துக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தி, மறுபடி மாட்டினார். பொங்கலுக்கு மறுநாள், 1994 ஜனவரி 15, சனிக்கிழமை.